என் விரலைத் தெரியாத பூட்டு

மழை பிடித்துக்கொண்டது. நான் என் சொந்த வீட்டு வாசலில் நின்று, கட்டை விரலைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கதவு திறக்கவில்லை.

விரலை முந்தானையில் துடைத்தேன். தலைமுடியில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றினேன். மறுபடி வைத்தேன். பூட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இங்கிலீஷில் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது.

உள்ளே என் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். தெரு முழுக்க கரண்ட் இல்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மழை ஒரு காரணம். நான் எப்போதுமே அப்படித்தான் பேசுவேன் என்பது இன்னொரு காரணம். கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளே "இன்னா சொன்ன?" என்று திரும்பக் கேட்பாள்.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கதவின் முன்னால் நிற்கும்போது எனக்குள் என்ன ஓடியது என்று சொல்ல, முதலில் வேறொரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கதையில் வந்த வீடு.

சாப்பாட்டு நேரத்துத் தொடர்கதை

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து, ஷூ கம்பெனியில் சேர்ந்த புதிது. எனக்கு டேபிள் வேலை கொடுத்தார்கள். ஷூவின் மேல்பகுதித் தோலுக்கு ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, விரலால் மடித்து, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். இன்றைக்கும் அதே வேலைதான்.

அப்போது எங்கள் பிரிவில் ரோஸி என்று ஒருத்தி இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வாரப் பத்திரிகையை விரித்துவைத்து உரக்கப் படிப்பாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம்.

அதில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. பெயர் மறந்துவிட்டது. ஒரு பணக்காரர் மலை மேலே வீடு கட்டுகிறார். எல்லாம் தானாக நடக்கிற வீடு. எஜமானின் காலடிச் சத்தம் கேட்டதும் கதவு திறந்து "வாங்க" என்று சொல்லும். மழை வந்தால் ஜன்னல் தானே சாத்திக்கொள்ளும். யாருக்காவது தலைவலி என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, விளக்கைக் குறைத்து, காபி போட்டு நீட்டும்.

"பாத்திரம் கழுவுமாடி அது?" என்று பாக்கியம் அக்கா கேட்டாள். எங்களில் வயதில் மூத்தவள்.

"கழுவும்க்கா."

"துணி?"

"துவைச்சு, காயவெச்சு, மடிச்சும் வெக்கும்னு போட்டிருக்குது."

"அப்போ மாமியார்க்காரி இன்னாத்த சாக்கு வெச்சு மருமவள திட்டுவா?"

ரோஸிக்குச் சோறு புரையேறிவிட்டது. ஒருத்தி அவள் தலையில் தட்டிக்கொண்டிருக்க, இன்னொருத்தி "மேல படிடி, பெல் அடிச்சிடுவான்" என்று அவசரப்படுத்தினாள்.

சில வாரங்களில் கதையின் போக்கு மாறியது. அந்தப் பணக்காரரின் மனைவி அம்மா வீட்டுக்குப் புறப்படுகிறாள். கதவு திறக்கவில்லை. "வெளியே ஆபத்து. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்கிறது வீடு. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் அக்கா மட்டும், "வூடே புருசனாய்டுச்சு போல" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள்.

முடிவு வந்த வாரம் எங்களுக்கு ஷிப்மென்ட் அவசரம். சாப்பாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். யாரும் படிக்கவில்லை. அந்த மனைவி வெளியே வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிரபு கொண்டுவந்த பெட்டிகள்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. ஆஸ்பத்திரி, பயிற்சி என்று அலைந்ததில் கால் கொஞ்சம் திரும்பியது. கோல் ஊன்றி மெதுவாக நடப்பார். கை திரும்பவில்லை. பேச்சு வரும், ஆனால் ஒரு சொல்லை இழுத்துக்கொண்டு வர நேரமாகும்.

நான் வேலைக்குப் போகாமல் முடியாது. அவரை விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. இரண்டுக்கும் நடுவில் ஒருநாள் அவர் கோலை ஊன்றிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரம் வரை போய்விட்டார். லாரிகள் பறக்கிற இடம். டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்.

எங்கள் மகன் பிரபு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். விஷயம் கேள்விப்பட்டவன் பொங்கல் லீவுக்கு வரும்போது அட்டைப் பெட்டிகளோடு வந்தான். கூடத்து மூலையில் ஒரு கேமரா. ஷெல்பில் ஒரு பேசும் பெட்டி. வாசல் கதவில் புதுப் பூட்டு.

"இனிமே நம்ம வூடு ஸ்மார்ட் வூடு" என்றான்.

பேசும் பெட்டியை முதலில் அவரிடம் சோதித்துப் பார்த்தான். "அப்பா, லைட் போடுன்னு சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். "லை…" என்று ஆரம்பித்தார். அடுத்த எழுத்து வருவதற்குள், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது பெட்டி. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி மன்னிப்புக் கேட்டது. எத்தனை மரியாதையான குரல். அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் சுவிட்சைத் தட்டினேன்.

"பழகிடும்பா" என்றான் பிரபு. அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியிடம் பேசவே இல்லை.

பூட்டு வேறு விதம். பேட்டரியில் ஓடுவது. கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வெளியே இருந்து திறக்க என் விரல், இல்லை என்றால் ஒரு ரகசிய எண். உள்ளே இருந்து திறக்க ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கொல்லைக் கதவுக்குப் பழைய தாழ்தான்; கொல்லையைச் சுற்றி மதில் இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

"அதுக்கு ரெண்டு கையும் வேணுமேடா" என்றேன்.

"அதுக்குத்தாம்மா." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவர் நல்லதுக்குத்தானே."

அவர் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாதது போல இருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இந்தச் சொல்லை நான் முன்பே எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று எனக்கு உறுத்தியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

லீவில் வளர்ந்த தோல்

பிரபு ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில் என் விரலைப் பூட்டில் பதிவு செய்தான். பொங்கல் லீவின் கடைசி நாள். அதில்தான் தவறு நடந்தது. அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் டேபிளில் வேலை செய்கிறவர்கள் விரலைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும். நாள் முழுக்க சொல்யூஷன் ஒட்டும். பஸ்ஸில் வரும்போது எல்லாரும் விரலில் காய்ந்த பசையை உரித்து உருண்டை உருட்டிக்கொண்டே வருவோம். பசையோடு மேல்தோலும் போகும். போதாததற்கு தோலை மடித்து மடித்துத் தேய்ப்பது. ரேகை என்று ஒன்று இருந்த இடம் வழுவழுப்பாகிவிடும்.

ரேஷன் கடையில் இது பழைய பேஜார். மெஷினில் விரல் வைத்தால் எடுக்காது. "ஷூ கம்பெனியா? அப்படி ஓரமா நில்லுங்க" என்பார் கடைக்காரர். தலையில் தேய்த்து வைக்கச் சொல்வார். அதிலும் வராவிட்டால் கண்ணைக் காட்டச் சொல்லி அரிசி போட்டுவிடுவார். என் வீட்டுக் கதவுக்கு அந்த வசதி கிடையாது.

லீவு விட்டால் மட்டும் தோல் வளரும். பொங்கலுக்குக் கம்பெனி மூடியிருந்த நாட்களில் என் விரலில் கோடுகள் திரும்ப வந்திருந்தன. அந்தக் கோடுகளைத்தான் பூட்டு படித்து வைத்துக்கொண்டது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, நாளுக்கு நாள் அது என்னை மறந்துகொண்டே வந்தது. முதலில் வைத்ததும் திறந்தது. அப்புறம் தயங்கியது. அப்புறம் திறந்தால் அதிர்ஷ்டம்.

போனில் சொன்னேன். "சோப்பு போட்டு கழுவிட்டு வைம்மா" என்றான் பிரபு.

"கழுவித்தான்டா வெக்கறேன்."

"அப்போ நம்பர் போடு."

நம்பர் போட்டுத்தான் சமாளித்து வந்தேன். சாதாரண சாவியும் ஒன்று உண்டு. அது பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவுக்குள் வைத்திருந்தேன். பீரோ வீட்டுக்குள் இருந்தது.

கேமராவின் படம் பிரபுவின் போனில் மட்டும்தான் வரும். என்னுடையது பட்டன் போன். அதையும் கம்பெனி கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். டீ நேரத்தில் ஓடிப்போய் வாங்கி, "அப்பா எங்கடா?" என்று அவனிடம் கேட்பேன். "சேர்ல உக்காந்துனு இருக்கார்" என்பான். அதைக் கேட்டுவிட்டு வந்து மிச்ச வேலையைச் செய்வேன். அவன் சொல்லும்வரை ஒரு பயம். சொன்ன பிறகு, அடுத்த நிமிஷம் எழுந்திருப்பாரோ என்று இன்னொரு பயம்.

நாற்காலி

அந்தச் சாயங்காலம் அவசரத்தில் பழக்கதோஷமாக விரலை வைத்துவிட்டேன். எடுக்கவில்லை. எடுக்காத கோபத்தில் திரும்பத் திரும்ப வைத்தேன். பிறகு நம்பரைப் போட்டேன். மழை ஈரத்தில் விரல் வழுக்கி அதிலும் தப்பு. பூட்டு என்னைத் திருடி என்று முடிவு செய்துவிட்டது போல. சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. எதை அமுக்கினாலும் அசையவில்லை.

பிரபுவுக்குப் போன் போட்டேன். "போன்லேர்ந்து நீ திற."

"கரண்ட் இல்லன்னா நெட் இருக்காதும்மா. கொஞ்ச நேரம் வெயிட் பண்ணு, அதுவே ரிலீஸ் ஆகும்."

"அப்பா பேசமாட்டேன்றார்டா."

"இரு, பாக்கறேன்." போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "சேர்லதான் உக்காந்துனு இருக்கார். ஒண்ணும் இல்ல. தூங்கறார் போல."

பயம் கொஞ்சம் இறங்கியது. ஜன்னல் பக்கம் போனேன். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். கண்ணாடியில் மூஞ்சியை ஒட்டிப் பார்த்தேன். இருட்டு பழக நேரமானது. பிறகு நாற்காலி தெரிந்தது.

"பிரபு, சேர்ல அவர் இல்ல."

"இருக்கார்மா. நான் பாத்துனுதானே இருக்கேன்."

"துண்டு மட்டும்தான்டா இருக்குது."

"துண்டு அவர் தோள்ல இருக்குதும்மா."

நான் மறுபடி கண்ணாடியில் மூஞ்சியை ஒட்டினேன்.

அவன் பார்த்தது கரண்ட் போவதற்கு முன்னால் வந்த கடைசிப் படம். அது அப்படியே அவன் போனில் நின்றுபோயிருந்தது. நெட் இருக்காது என்று சொன்னவனுக்கே அது உறைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். எப்போது கரண்ட் போனது என்று எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் பசை உரித்துக்கொண்டிருந்தபோதா, அதற்கும் முன்னாலேயா?

ரோஸி படித்த கதை அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுக்கு ஒரு மனசு இருந்தது. கெட்ட மனசாகவே இருக்கட்டும். அந்த மனைவி அதோடு சண்டை போடலாம், கெஞ்சலாம், ஏமாற்றலாம். என் வீட்டுப் பூட்டிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது? அதற்கு என் மேல் கோபமும் இல்லை. அவர் மேல் அக்கறையும் இல்லை. உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாது.

பெயர்

பக்கத்து வீட்டு நசீமா அக்கா குடையோடு வந்தாள். நான் ஜன்னலில் மூஞ்சியை வைத்துக்கொண்டு "ஏங்க, ஏங்க" என்று முனகிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி செல்வி?" என்றாள். சொன்னேன்.

"ஏங்க ஏங்கன்னா எந்த வூட்டு ஆம்பள திரும்புவான்? பேரச் சொல்லி சத்தமா கூப்புடு."

நான் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது கூட பிரபுவைத்தான் சொல்லச் சொன்னேன். தெருவில் குரல் உயர்த்தியதும் இல்லை.

"சேகர்" என்றேன், என் வழக்கமான குரலில்.

"இதுக்கு நீ ஏங்கன்னே சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடி கத்தினேன். மூன்றாவது தடவை கத்தும்போது வெட்கம் போய்விட்டது. அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து இழுத்த ஒரு சத்தம்.

"பூனையாடி?" என்றாள் அக்கா.

"அவர்தான்" என்றேன். எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டுக் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு மதில். அவள் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டாள். நான் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. முழங்கை சிராய்த்தது மறுநாள்தான் எரிந்தது.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கோல் எட்டாத தூரத்தில் கிடந்தது. தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இடது கையால் எதையோ சட்டைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இழுத்துப் பார்த்தேன். வேலை நேரத்தில் புடவை மேல் போட்டுக்கொள்கிற என் கம்பெனிக் கோட்டு. காலையில் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனது. மழை வருகிறதே என்று எடுக்க வந்திருக்கிறார். வழுக்கிவிட்டிருக்கிறது.

"உசுரோட இருக்காரா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள்.

"இருக்கார்க்கா."

"அப்போ நல்லா திட்டு."

திட்ட வாய் வரவில்லை. அவர் தோளுக்கு அடியில் கை கொடுத்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. கோட்டு ஓரளவு காய்ந்தே இருந்தது.

அடுத்த நாள் காலை

அன்றிரவு கரண்ட் வந்ததும் பிரபு கூப்பிட்டான். இப்போது அவன் போனில் காலி நாற்காலி தெரிந்திருக்கிறது. "சேர்ல இருக்கார்னு சொன்னேனேம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். பெங்களூரில் அவன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பானோ. அவனுக்கும் என்னைப் போலவே பயம்தான் போல. நான் அதுவரை அவனை நினைக்கவில்லை.

பிறகு தேறிக்கொண்டு, கொல்லையில் ஒரு கேமரா, கரண்ட் போனாலும் வேலை செய்கிற ஒரு மெஷின், விரலுக்குப் பதில் முகம் பார்க்கிற பூட்டு என்று அடுக்க ஆரம்பித்தான்.

"தானா பூட்டிக்கறத நிறுத்துடா" என்றேன்.

"ரோட்டுக்குப் போய்ட்டார்னா?"

"நசீமா அக்கா பாத்துப்பாங்க."

"அவங்க பாக்கலன்னா?"

"தெரியலடா."

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அவரையே கேட்டேன். "கதவத் திறந்து வெச்சா ரோட்டுக்குப் போவீங்களா?" நெடுநேரம் யோசித்தார். "டீ… குடிக்க… போவேன்" என்றார். பொய்யாகவாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

நசீமா அக்கா கேட்டுவிட்டு, "தம்பி, டீ நான் குடுக்கறேன். ரோடு தாண்டினா உன் பொண்டாட்டி மறுபடி மதில் ஏறுவா. டிரம்மு தாங்காது" என்றாள்.

பிரபு அரை மனசாக பெங்களூரிலிருந்தே தானாகப் பூட்டுவதை நிறுத்தினான். மறுநாள் காலை கதவைச் சும்மா சாத்திவிட்டுப் புறப்பட்டேன். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் பசை உரிக்க ஒன்றும் இல்லாத காலை நேரத்திலும் விரலைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். டேபிளில் இரண்டு துண்டுகளைத் தப்பாக மடித்துவிட்டேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டீ நேரத்தில் கேட்டுக்கு ஓடினேன். போனை வாங்கி, பிரபுவுக்குப் போடப்போன விரலை நிறுத்தி, நசீமா அக்காவுக்குப் போட்டேன்.

"இருக்கார்டி. என் வூட்டு வாசல்லதான் உக்காந்துனு இருக்கார். டீயக் குடிச்சிட்டு சக்கர கம்மின்றார். எவ்வளவு ஜாஸ்தி போட்டாலும் கம்மின்றார்."

"அவர்கிட்ட குடுக்கா."

இத்தனை மாதத்தில் கம்பெனியிலிருந்து நான் அவரிடம் போனில் பேசியதே இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும்தான் மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது.

"சா…" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது பெல் அடித்தது. பின்னால் பெண்கள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி போனுக்காகக் கையை நீட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தி நின்றேன்.

"சா…ப்…" என்றார். லாரி ஒன்று போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவரே முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"…பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தேன்.